பச்சைத் தண்ணி

கார் காலையில் மட்டும்தான் நடுங்கியது. அதிலும் முதல் இரண்டு நிமிடம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் குளிர்க்காய்ச்சல் கண்ட ஆள் மாதிரி உதறும். ஸ்டியரிங், கண்ணாடி, பக்கத்து இருக்கையில் வைத்த சாப்பாட்டு டப்பா எல்லாம் சேர்ந்து ஆடும். முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் அடங்கிவிடும். அதற்கப்புறம் நாள் முழுக்க அது சமர்த்துப் பிள்ளை.

காருக்கு வயது பதினேழு. ஓடிய தூரம் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். அதை இப்போது ஓட்டுகிறவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஆறு மணிக்கே வாசலில் நிற்பார்கள் என்பதால் ஐந்தேகாலுக்கெல்லாம் அவள் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, நீளமான ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, நாற்பது நிமிட ஓட்டம்.

கார் உண்மையில் அவள் மாமனாருடையது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஒன்றரை வருடத்துக்கு முன்பு கண்ணில் அழுத்த நோய் வந்து பக்கவாட்டுப் பார்வை சுருங்கத் தொடங்கியது. அதைக் கண்டுபிடித்ததே அவருடைய மகன்தான். மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். தன் கடை நாற்காலியிலேயே அப்பாவை உட்கார வைத்துச் சோதித்து, கண் டாக்டரிடம் அனுப்பி, டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வந்து கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

"இனிமே நீங்க வண்டியத் தொடவே கூடாதுப்பா. சொல்லிட்டேன்."

அவர் சாவியை மருமகளின் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதிலிருந்து கார் அவளுடையதாயிற்று.

குளிர்காலம் தொடங்கி ஒரு மாதத்தில் நடுக்கம் ஆரம்பித்தது. அவள் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அந்த மெக்கானிக்கை அந்தப் பக்கத்தில் எல்லோரும் 'சரியாப்போச்சு' என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்தாலும் "சரியாப்போச்சு" என்பார். பானெட்டைத் திறந்து பெரிய கோளாறைப் பார்த்தாலும் நெற்றியில் தட்டிக்கொண்டு "சரியாப்போச்சு" என்பார். எது எந்த சரியாப்போச்சு என்பது அவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். முகமோ பாதி நேரம் பானெட்டுக்குள் இருக்கும்.

அவள் போகும்போதெல்லாம் கார் ஒழுங்காக ஓடியது. மெக்கானிக் காதை வைத்துக் கேட்டார். "கடிகாரம் மாதிரி ஓடுது மேடம்."

"காலையில வந்து பாருங்கண்ணா. செத்துப்போற மாதிரி இழுக்குது."

அவர் கையடக்க ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டர் சில சமயம் எரியாமல் விட்டுவிடுகிறது என்று அது சொன்னது. அதுவரை நல்ல செய்திதான். நான்கில் எது என்று தெரிந்துவிட்டதே. பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் காயிலை மூன்றாவதிலிருந்து கழற்றி முதலாவதில் மாட்டினார். குற்றம் காயிலோடு சேர்ந்து முதலாவதுக்குப் போக வேண்டும். போகவில்லை. மறுநாள் காலையும் மூன்றாவதுதான் உதறியது. நான்கு பிளக்குகளையும் மாற்றினார். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார். காற்று போகும் வழியில் படிந்திருந்த கரியைத் துடைத்து எடுத்தார். போகிற போக்கில், "பழைய தண்ணி கலங்கிப் போயிருக்கு" என்று இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரையும் இறக்கிவிட்டுப் புதிதாகக் கூலண்ட் ஊற்றினார். கிளிப்பச்சை நிறம்.

எதற்கும் கார் அசைந்து கொடுக்கவில்லை. காலையானால் நடுக்கம்.

கழற்றிய நான்கு பிளக்குகளையும் அவர் ஒரு துணியில் வரிசையாக வைத்துக் காட்டினார். மற்றவை பழுப்பும் கறுப்புமாக இருந்தன. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் நேற்றுத்தான் கடையில் வாங்கியதுபோலப் பளபளத்தது.

"கோளாறு இருக்கிற சிலிண்டர்லதான் பிளக்கு சுத்தமா இருக்கு," என்றார். "அழுக்கா இருந்தா ஒரு காரணம் சொல்லலாம். சுத்தமா இருக்கிறதுக்கு நான் என்னன்னு சொல்றது?"

"உள்ள ஏதாவது ஒழுகுதாண்ணா?"

"அதான் நானும் மொதல்ல நெனச்சேன். இன்ஜினுக்கும் அதோட தலைக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும், ஹெட் கேஸ்கெட்டு. அதுல கீறல் விட்டா தண்ணி சிலிண்டருக்குள்ள எறங்கும். ஆனா தண்ணி கொறையணுமே? நீங்க வர்ற ஒவ்வொரு தடவையும் பாக்குறேன், கோடு வரைக்கும் நிக்குது. ஒரு சொட்டு கொறையல. கொறையாதப்போ அது எப்படி ஒழுகும்?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இதற்கு நடுவில் இன்னொரு விஷயமும் அவளைக் குடைந்தது. திங்கட்கிழமை மட்டும் கார் நடுங்குவதில்லை. இதை வெளியே சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் கணவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப செவ்வாய்க்கிழமைலேருந்து வண்டிக்கு வேலைக்குப் போகப் பிடிக்கலையா?" என்று அவன் சிரித்தான். பிறகு, "நீ ஸ்டார்ட் பண்ற விதத்துல ஏதாவது இருக்கும். சாவியப் போட்டதும் மிதிக்கிறியோ என்னவோ," என்றான்.

மறுநாள் காலை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்தாள், உதறியது. மிதித்து ஸ்டார்ட் செய்தாள், உதறியது. பாலத்தில் போகும்போது, உண்மையிலேயே தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

அந்த வாரக் கடைசியில் மெக்கானிக்கிடம் நேராகவே சொன்னாள். "எங்க லேப்ல சாப்பிட்டுட்டு வந்தவங்ககிட்ட சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க மாட்டோம்ணா. நீங்க என் காரை எப்பவும் சாப்பிட்டப்புறம்தான் பாக்குறீங்க. ஒரு நாளாவது வெறும் வயித்துல பாருங்க."

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. "ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க. காலையில நானே எழுப்புறேன்."

வேலை முடிந்து நேராக வந்து விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் ஏழு மணிக்குப் போன் வந்தது.

"மேடம், சரியாப்போச்சு."

"எந்த சரியாப்போச்சுண்ணா?"

"ஒரே திருப்பு. வெண்ணெய் மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. ஒரு நடுக்கம் இல்ல. கோளாறு கார்ல இல்ல மேடம். உங்க வீட்லதான் இருக்கு."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் கார் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை மறுபடி உதறியது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்த இரண்டு நிமிடமும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு கார் நிறுத்தும் இடம். மேலே தகரக் கூரை. தரை சமமாகத்தான் இருந்தது. ஒரு பந்தை வைத்துக்கூடப் பார்த்துவிட்டாள், உருளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் பானெட்டைத் திறந்து நின்றாள். பார்வை கூலண்ட் தொட்டியில் விழுந்தது. தண்ணீர் சரியாக மேல்கோட்டில் நின்றது. அளவில் தப்பே இல்லை. ஆனால் நிறம்?

பதினான்கு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருப்பதெல்லாம் குப்பிகளின் நிறத்தைத்தான். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரின் சிறுநீர்க் குப்பியைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். இந்தத் தொட்டி அப்படித்தான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு கிளிப்பச்சையாக ஊற்றியது, இப்போது ஒரு பச்சைச் சாயலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. உடனே போன் செய்தாள்.

"அண்ணா, தொட்டியில பச்சத் தண்ணிதான் இருக்கு."

"ஆமா மேடம், பச்சையாத்தான் இருக்கும். நான்தானே ஊத்தினேன்."

"இல்லண்ணா. பச்சையா இல்ல. பச்சத் தண்ணியா இருக்கு."

"பச்சையா இல்லாத பச்சத் தண்ணியா?"

"ஐயோ, வெறும் தண்ணிண்ணா! குழாய்த் தண்ணி!"

"சரியாப்போச்சு!" என்றார் அவர். இந்த முறை அது எது என்பதில் குழப்பமே இல்லை. "அப்ப யாரோ ஊத்துறாங்க. ஊத்துறாங்கன்னா கொறையுது. கொறைஞ்சும் எனக்குத் தெரியலைன்னா, அதுக்குள்ள நெரப்பிடுறாங்க. யாரு மேடம் ஊத்துறது?"

"யாருமே இல்லையேண்ணா."

கணவனுக்குப் பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்பதே தெரியாது. பரிசோதனைக் கூடத்து வாட்ச்மேன் சிலருடைய காரைக் கழுவுவார். திங்கட்கிழமை அவரிடம் கேட்டாள். "உங்க வண்டி மேல நான் தூசிகூடத் தட்டினதில்லம்மா," என்று அவர் மனத்தாங்கலோடு சொன்னார். காரைப் பார்த்தாலே அது உண்மை என்று தெரிந்தது.

அன்று மாலை குப்பிகளில் எழுதும் பேனாவால் தொட்டியின் மேல் தண்ணீர் நிற்கும் இடத்தில் மெல்லிய கோடு போட்டாள். மறுநாள் காலை, சாவியைத் தொடுவதற்கு முன் திறந்து பார்த்தாள். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. குறையவே இல்லை. ஆனால் மூடியைச் சுற்றி ஈரமாக இருந்தது. விரலை வைத்தாள், சில்லென்றது. கார் வழக்கம்போல உதறியது. வீட்டுக்குள் யாரோ நடமாடுகிறார்கள்.

புதன்கிழமை நாலரை மணிக்கே எழுந்து, சமையலறை விளக்கைப் போடாமல் ஜன்னல் பக்கத்தில் நின்றாள். பத்து நிமிடம் கழித்துப் வீட்டின் பக்கவாட்டுக் கதவு மெதுவாகத் திறந்தது. தலையில் மப்ளர் சுற்றிய உருவம், கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை. பூட்டாத கார்க் கதவுக்குள் கையை விட்டுக் கொக்கியை விடுவித்து, சத்தம் வராமல் பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தது. மூடியைத் திருகியது. பிறகு தொட்டிக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டு ஊற்றியது. மறுபடி விரல். மறுபடி கொஞ்சம் தண்ணீர்.

அவள் வெளியே வந்தாள். "மாமா."

குவளை அவர் கையிலிருந்து நழுவிச் செருப்பெல்லாம் நனைந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர்போலத் திருதிருவென்று விழித்தார்.

"நான் ஓட்டலம்மா. சும்மா தண்ணி மட்டும்தான். சாவி உன்கிட்டதானே இருக்கு."

"எத்தனை நாளா மாமா?"

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து. மொதல்ல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ, அரை டம்ளர். இப்ப தினமும் ஒரு டம்ளர் குடிக்குது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் மூடியைத் திருகி மூடினார். நனைந்த விரலை மப்ளரில் துடைத்துக்கொண்டார். "வண்டியத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். தண்ணி கொறையுதுன்னு நான் சொன்னா, தொடாம எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பான் இல்ல?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டில் எதை வெளியே விடுவது என்று தெரியவில்லை.

"பாலத்து மேல போறே," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அந்த நேரத்துல அங்க ஒரு ஈ காக்கா இருக்காது. தண்ணி வத்தி இன்ஜின் சூடேறி நின்னுட்டா நீ என்ன பண்ணுவே? அதான் ஊத்திடுவேன். வயசான வண்டி, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்னு விட்டுட்டேன். திங்கட்கிழமை மட்டும் குடிக்காது."

"என்ன சொன்னீங்க?"

"ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்கறதில்ல பாரு. எடுக்கலைன்னா குடிக்காது. ஓடிச் சூடா வந்து நின்னாத்தான், விடியறதுக்குள்ள ஒரு டம்ளர் காணாமப் போகும்."

இவ்வளவு நாளாக அவள் வெட்கப்பட்டு மறைத்துவைத்த திங்கட்கிழமையை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவள் அங்கேயே, குளிரில், மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர் முழுவதும் கேட்டார்.

"அண்ணா, அன்னைக்கு ராத்திரி உங்க இடத்துல விட்டேனே, தொட்டி மூடியத் திறந்தீங்களா?"

"திறக்காம? ஒரு மணி நேரம் ஆற விட்டு, திறந்து அளவு பாத்தேன். புஸ்ஸுன்னு காத்து போச்சு. அப்புறம்தான்..." அவர் பாதியிலேயே நிறுத்தினார். பிறகு மெதுவாக வந்தது பேச்சு. ஓடிவந்து நின்ற இன்ஜினில் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும். கேஸ்கெட்டில் மயிரிழை அளவு கீறல் இருந்தால், அந்த அழுத்தம் இரவெல்லாம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் தள்ளும். மூடியைத் திறந்துவிட்டால் அழுத்தம் போய்விடும், ஒழுகாது. "நான் பாத்ததுனாலதான் மேடம் எனக்குத் தெரியாமப் போச்சு."

அன்று மாலையே கார் பட்டறைக்குப் போயிற்று. அவள் தொட்டி மூடியின்மேல் குறுக்காக டேப் ஒட்டி, 'திறக்காதீர்கள்' என்று எழுதிவிட்டு வந்தாள். மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு, விடிந்ததும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் போனாள். மெக்கானிக் காரை ஸ்டார்ட் செய்யவில்லை. மூன்றாவது பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஒல்லியான கேமரா வயரை இறக்கினார். கையிலிருந்த சின்னத் திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அதன் மேல், புல்லில் பனி பிடித்ததுபோல, நீர்த்துளிகள் மின்னின.

"தினமும் காலையில இந்தத் தண்ணிய ஆவியா ஊதித் தள்ளிட்டுத்தான் இது எரியவே ஆரம்பிக்குது," என்றார். "அந்த ஆவிதான் பிளக்கைக் கழுவிக் கழுவிப் புதுசாக்கி வச்சிருக்கு. புகையும் வெள்ளையாத்தான் வந்திருக்கும். குளிர்காலத்துல எந்த வண்டிக்குத்தான் வெள்ளைப் புகை வரல? கூலண்டா இருந்தா ஒரு தித்திப்பு வாசனையாவது வரும். இவர் வெறும் தண்ணியா ஊத்தி அதையும் இல்லாமப் பண்ணிட்டார்."

மாமனார் திரைக்கு மிக அருகில் குனிந்தார். நடுப்பார்வை அவருக்கு நன்றாகவே இருந்தது. வெகுநேரம் பார்த்தார். "தண்ணிதான்," என்றார்.

மதியம் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுக் கணவனும் வந்து சேர்ந்தான். நடந்ததை அவள் சொல்லி முடிக்கும் முன்பே அப்பா பக்கம் திரும்பினான்.

"தினமும் இருட்டுல எழுந்து வந்து பானெட்டத் திறந்தீங்களா? கால் தடுக்கி விழுந்திருந்தா?"

"விழலியே."

"அதுக்கில்லப்பா. ஓட்டக் கூடாதுன்னுதானே சொன்னேன்?"

"தொடவே கூடாதுன்னு சொன்னே."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"எது பேச்சுக்கு, எது நெசம்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான். கடைசியில் மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டான். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவர் தண்ணி ஊத்தி இன்ஜினைக் காப்பாத்தினாரா, இல்ல கெடுத்தாரா?"

மெக்கானிக் கையிலிருந்த கிரீஸை நிதானமாகத் துடைத்தார். "ஊத்தாம இருந்திருந்தா தண்ணி கொறையறத மொத வாரத்துலயே பாத்திருப்பேன். காயில், பிளக்கு எதையும் தொட்டிருக்க மாட்டேன். ஊத்தாம இருந்து, நான் பாக்குறதுக்கு முன்னாடி மேடம் பாலத்துல ஏறியிருந்தா, இன்ஜின் வெந்து போயிருக்கும். ரெண்டும்தான் சார். எனக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியல."

பதினேழு வயதுக் காருக்கு இன்ஜின் தலையைக் கழற்றுகிற வேலை தேவையா என்று மெக்கானிக்கே கேட்டார். கணவன் வாயைத் திறப்பதற்குள் அவள், "பண்ணிடுங்க" என்றாள். ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னோம் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

எட்டு நாள் ஆயிற்று. தலையைக் கழற்றி, கடைசலுக்கு அனுப்பி மட்டம் பார்த்து, புதுக் கேஸ்கெட் போட்டு, கிளிப்பச்சைக் கூலண்ட் ஊற்றிக் கார் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலை அவள் சாவியைத் திருப்பியபோது ஸ்டியரிங் அசையவில்லை. ஸ்டார்ட் ஆகவில்லையோ என்று நினைத்து இன்னொரு தடவை திருப்பப் போனாள். கரகரவென்று பல் கடிக்கிற சத்தம் வந்த பிறகுதான் இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது.

இப்போது மாமனார் ஒளிந்து வருவதில்லை. மகனே கார் நிறுத்தும் இடத்தில் பளிச்சென்று ஒரு விளக்கு போட்டுக் கொடுத்துவிட்டான். மப்ளரோடு வந்து, பானெட்டைத் தூக்கி, விரலை விட்டுப் பார்ப்பார். முதல் நாள் பார்த்தார், இரண்டாம் நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் அவள் கிளம்ப வந்தபோது, நிறைந்த குவளையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"கொறையவே இல்லம்மா," என்றார். குரலில் சந்தோஷம் மாதிரி ஒன்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. "ஒரு சொட்டுகூட. இனிமே பாக்க வேண்டாம் இல்ல?"

ஒரு வாரம் பார்த்தால் போதும் என்றுதான் மெக்கானிக் சொல்லியிருந்தார். அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் தயங்கினாள்.

"பாருங்க மாமா. புதுக் கேஸ்கெட்டு இல்லையா? குளிர் முடியற வரைக்கும் தினமும் பாக்கணும்னு சொல்லியிருக்கார்."

அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. தலையாட்டினார். குவளைத் தண்ணீரை மதிலோரம் ஊற்றிவிட்டு, பானெட்டை மெதுவாக இறக்கி, இரண்டு கைகளாலும் அழுத்தி மூடினார்.